அம்மம்மாவின் செட்டை

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில், பழைய மாணவியும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியையுமான ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த விழாவிலே பேச வேண்டும் என்று சங்கம் கேட்டபோது, கணிதக் கல்வியைப் பற்றி ஏதாவது தலைப்புத் தருவார்கள் என்று எதிர்பார்த்தேன். தலைப்பை என் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள். ஆகவே ஒரு கணினி விளையாட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். முன்வரிசையில் சிலர் சிரிப்பது தெரிகிறது. பரவாயில்லை, சிரியுங்கள். வகுப்பில் சிரித்தால் வெளியே நிற்பாட்டிய ரீச்சர் இப்போது இல்லை.

ஓய்வு பெற்ற பின் நான் கனடாவில் மகள் வீட்டில் இருக்கிறேன். பேத்திக்குப் பதினொரு வயது. பாடசாலை விட்டு வந்ததும் மைன்கிராப்ட் என்ற விளையாட்டில் இருப்பாள். சுவீடனில் உருவாகி, 2011ஆம் ஆண்டு முழுமையாக வெளிவந்த விளையாட்டு அது. உலகம் முழுவதும் 30 கோடிக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றிருக்கின்றன. அதில் உள்ள உலகம் முழுவதும் கட்டைகளால் ஆனது. மண், கல், மரம், கண்ணாடி எல்லாமே சதுரமுகிக் கட்டைகள். ஒவ்வொன்றின் பக்கமும் ஒரு மீற்றர். அவற்றை உடைக்கலாம், அடுக்கலாம்.

"இதிலே என்ன இருக்கு? கொப்பியை எடுத்துப் படி" என்று முதல் ஆறு மாதமும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவள் என்னிடம் வந்து, "அம்மம்மா, நீங்கள் கனடாவுக்கு வந்த மாதிரிப் பெரிய பிளேன் ஒன்று கட்டப் போறன். வட்டம் வருகுதில்லை. உங்களுக்குக் கணக்குத் தெரியும்தானே?" என்று கேட்டாள். ஒரு கணித ஆசிரியையிடம் இதற்கு மேல் என்ன கேட்க வேண்டும்? கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்துவிட்டேன்.

அவள் தெரிவு செய்தது எயார்பஸ் ஏ350-900. 2013 யூன் 14இல் பிரான்சின் துளூஸ் நகரில் முதன்முதல் பறந்த விமானம் அது. எடையிலே 53 சதவீதம் கூட்டுப் பொருட்கள், பெரும்பாலும் காபன் இழை. நீளம் 66.8 மீற்றர். ஓர் இறக்கை நுனியிலிருந்து மறு நுனி வரை 64.75 மீற்றர். இந்த 64.75 ஏன் என்று பேத்தி கேட்டாள். விமான நிலையங்களில் விமானத்தை நிறுத்தும் இடங்களை இறக்கையின் அகலத்தைக் கொண்டு வகுத்திருக்கிறார்கள். ஒரு வகுப்பின் எல்லை 65 மீற்றர். அதற்குக் குறைவாக இருக்க வேண்டும். கால் மீற்றர் மிச்சம் விட்டு வடிவமைத்திருக்கிறார்கள். போயிங் 777எக்ஸ் என்ற விமானம் 71.75 மீற்றர் அகலம் உடையது. அது தரைக்கு வந்ததும் நுனிகளை மடித்து 64.85 ஆகிவிடும். எங்கள் ஊரில் ஒழுங்கை முடக்கில் சைக்கிள் திருப்புகிற கணக்குத்தான்.

முதலில் ஒரு மீற்றருக்கு ஒரு கட்டை என்று கட்டப் பார்த்தோம். உடலின் அகலம் 5.96 மீற்றர், ஆகவே ஆறு கட்டை. அங்கேயே இரண்டு சிக்கல். ஆறு இரட்டை எண், நடுக்கட்டை கிடையாது. ஒரு கட்டைத் தடிப்புள்ள வாலை எங்கே வைப்பது? அடுத்தது, உண்மையான விமானத்தில் மூன்று, மூன்று, மூன்றாக ஒரு வரிசைக்கு ஒன்பது ஆசனங்கள். சுவருக்கு இரண்டு போனால் மிஞ்சுவது நாலு கட்டை. ஒன்பது பேர் எங்கே இருப்பது?

"எல்லாவற்றையும் இரண்டு மடங்கு ஆக்குவம்" என்றாள். ஆசனம் ஒன்பது, நடைவழி இரண்டு, சுவர் இரண்டு: பதின்மூன்று கட்டை. 5.96ஐ இரண்டால் பெருக்கினால் ஏறக்குறைய 12. பதின்மூன்று ஒற்றை எண்ணாகவும் இருக்கிறது, நடுவும் கிடைக்கிறது. நீளம் 134, இறக்கை அகலம் 129 என்று எழுதினோம். நீளம் இரண்டு மடங்கானால் மேற்பரப்பு நாலு மடங்கு, கனவளவு எட்டு மடங்கு என்பதை நான் கரும்பலகையில் எத்தனை வருடம் எழுதியிருப்பேன்! அவளோ ஒரு பக்கம் சுவர் எழுப்பி முடிய, "அம்மம்மா, நாலு மடங்கு என்றால் கை நோகும்" என்றாள்.

வட்டம் வருவதற்குப் பைதகரஸ் போதும். ஆரை ஆறரை. நடுவிலிருந்து ஆறு கட்டை மேலே போனால் அந்த வரிசையில் ஐந்து கட்டை நிற்கும். ஐந்து மேலே போனால் ஒன்பது. பிறகு 11, 11, அதன் பின் ஐந்து வரிசைக்குப் 13. கீழ்ப்பாதி அதன் பிரதிபிம்பம். வர்க்கமூலத்தை நான் பார்த்துச் சொன்னேன், அவள் கட்டை வைத்தாள். வெள்ளைக் கொங்கிரீட்டால் சுற்றி எழுப்பிய அந்த வளையத்தைத் தூரத்தில் நின்று பார்த்தால், மூலை தெரியாமல் உருண்டையாகவே இருந்தது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் சின்னதல்ல.

இனி இறக்கை. அதுதான் நான் சொல்ல வந்த விடயம்.

ஏ350இன் இறக்கை பின்னோக்கி ஏறத்தாழ 32 பாகை சாய்ந்திருக்கிறது. 32 பாகையின் தான் பெறுமானம் 0.625. அதாவது எட்டுக்கு ஐந்து. கட்டைக் கணக்குக்கு இதைவிட வடிவான எண் கிடையாது. கடதாசியில் எழுதிக் கொடுத்தேன்: "ஐந்து கட்டை வெளியே, எட்டுக் கட்டை பின்னே." கொடுத்துவிட்டுத் தேநீர் போடப் போய்விட்டேன்.

அவள் இரண்டு நாட்கள் இருந்து கட்டினாள். அந்த விளையாட்டில் பெரும்பாலான கட்டைகள் அந்தரத்தில் நிற்கும், விழமாட்டா. ஆகவே தாங்குதூண் தேவையில்லை. நாற்பது கட்டை வெளியே போனதும், மேலே பறந்துபோய்ப் பார்த்தாள். "இது சண்டைப் பிளேன் மாதிரி இருக்கு" என்றாள். வந்து பார்த்தேன். இறக்கை 64 கட்டை பின்னுக்குப் போயிருந்தது. முடித்திருந்தால் நுனி வாலைத் தாண்டியிருக்கும்.

உடனே என் வாயில் வந்த சொல், "பிழையாய் வைச்சிட்டாய், பிள்ளை. கவனமில்லை."

அவள் ஒன்றும் பேசாமல் அந்தக் கடதாசியை எடுத்து என் முன்னே வைத்தாள். என் கையெழுத்து. சாய்வுக் கோணம் உடலுக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து அளக்கப்படுவது. நான் உடலின் கோட்டிலிருந்து அளந்துவிட்டேன். எட்டு வெளியே, ஐந்து பின்னே என்று வந்திருக்க வேண்டும். 32க்குப் பதில் 58. பத்தாம் வகுப்புப் பிழை.

அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. கணக்குப் பிழைத்ததற்காக அல்ல; யாருக்குத்தான் பிழைக்காது? பிழையைக் கண்டதும் முதலில் பிள்ளையைப் பார்த்தேனே, அதற்காக. அது எனக்குப் பழக்கமாகிப் போன ஒரு பார்வை. அது எங்கே கண்டது என்றும் நினைவு வந்தது.

1984ஆம் ஆண்டு, இதே கல்லூரி, பத்தாம் வகுப்பு. ஒரு தென்னை மரத்தின் உயரம் காணும் கணக்கு. ஏற்றக் கோணம் 40 பாகை. எல்லாரும் தூரத்தைத் தான் 40ஆல் பெருக்கினார்கள். ஒரு பிள்ளை மட்டும் தூரத்தைத் தான் 50ஆல் வகுத்திருந்தாள். 50 என்ற எண்ணைக் கண்டதுமே சிவப்பு மையால் குறுக்கே கோடு இழுத்தேன். அவளை எழுப்பி, "கேள்வியை வாசிக்கத் தெரியாதா?" என்று கேட்டேன். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். இரு என்றேன்.

வீட்டுக்குப் போய்ப் புள்ளி கூட்டும்போதுதான் பார்த்தேன். மரத்தின் உச்சியில் உள்ள கோணத்தை அவள் எடுத்திருக்கிறாள். விடை சரி. வழியும் சரி. புள்ளிப் பதிவேட்டில் திருத்திவிட்டேன். ஆனால் வகுப்பில் சொல்லவில்லை. நாற்பது பிள்ளைகளுக்கு முன் சொன்ன சொல்லை, தனியே ஒரு பதிவேட்டில் திருத்தினால் போதும் என்று நினைத்துவிட்டேன். அந்தப் பிள்ளை உயர்தரத்துக்குக் கணிதம் எடுக்கவில்லை. அதற்கு வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். நான் கேட்கவில்லை.

மறுநாள் காலை பேத்தியிடம், "பிழை என்னுடையது. உன்னைப் பேசினதும் பிழை" என்று சொன்னேன். "பரவாயில்லை, உடைச்சிட்டுத் திருப்பிக் கட்டலாம்" என்றாள், சாப்பிட்டுக்கொண்டே. அவ்வளவுதான். இரண்டு, ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று எட்டுக் கட்டையை ஐந்து படியாகப் பிரித்து எழுதினோம். இந்த முறை ஆளுக்கு ஒரு தரம் சரிபார்த்தோம். பக்கத்துக்கு 58 கட்டை வெளியே, 36 கட்டை பின்னே. இரண்டு இறக்கையும், எஞ்சின்களும், விமானியின் யன்னலைச் சுற்றியுள்ள கறுப்புப் பட்டையும் முடிய ஐந்து வாரமாயிற்று.

பழைய இறக்கையை மட்டும் முழுவதும் உடைக்க அவள் விடவில்லை. கொஞ்சத் துண்டைப் புல்தரையில் விட்டு, பக்கத்தில் ஒரு பலகை நட்டிருக்கிறாள். தமிழில் எழுதத் தெரியாத பிள்ளை, எழுத்துக் கூட்டி என்னிடம் கேட்டுக் கேட்டு எழுதினாள்: "அம்மம்மாவின் செட்டை."

சகோதரிகளே, நூற்றாண்டு மலரில் எங்கள் பெருமைகள் நிறைய வரும், வரவும் வேண்டும். அவற்றோடு இதையும் ஒரு மூலையில் போடும்படி மலர்க்குழுவிடம் கேட்டிருக்கிறேன். ஏனென்றால் மலர் எங்கெல்லாமோ போகும். அந்தப் பிள்ளை இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறாரோ, வேறு தேசத்தில் இருந்து இதை வாசிப்பாரோ தெரியாது. எங்கிருந்தாலும் அவருக்கு நான் சொல்ல வேண்டியது இது: உங்கள் கணக்குச் சரி. அன்றைக்கு வகுப்பிலே சொல்லாததை இன்று எல்லாருக்கும் முன்னால் சொல்கிறேன். என்னை மன்னியுங்கள்.

இங்கே இப்போது கற்பிக்கிற இளம் ஆசிரியைகளுக்கு ஒன்று. சிவப்புப் பேனையை மூடி வைத்துவிட்டு, "இது எப்படி வந்தது?" என்று ஒருமுறை கேளுங்கள். அதற்கு அரை நிமிடம் போதும். நான் நாற்பது வருடம் பிந்திவிட்டேன்.