ஹிஸ்பானிய மாணவரும் உயர்கல்வியும்

பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்பு நாடிச் சென்ற குடும்பங்கள் எங்கே குடியேறினாலும், முதலில் தேடுவது வேலை. அடுத்துத் தேடுவது பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். பள்ளிக்கூடம் வரையில் வழி ஒருவாறு தெரிந்துவிடுகிறது. கல்லூரி என்று வரும்போதுதான் தயக்கம் தொடங்குகிறது. எந்தப் படிப்பில் சேர்வது, யாரை அணுகுவது, விண்ணப்பத்தை எப்போது அனுப்புவது, பணத்துக்கு என்ன வழி என்பவற்றை, தாம் கல்லூரியைக் கண்டிராத பெற்றோர் எவ்வாறு எடுத்துரைக்க முடியும்? இத்தயக்கத்தை நீக்க ஒரு சமூகமும் ஓர் அரசாங்கமும் என்ன செய்யக்கூடும் என்பதற்கு, ஐக்கிய அமெரிக்காவில் வாழும் ஹிஸ்பானியரின் வரலாறு நல்லதொரு சான்று. வெளிமாநிலங்களில் வாழும் தமிழ் நேயர்கள் அதனை அறிந்துகொள்வது பயன் தரும் என்று கருதுகிறேன்.

ஸ்பானிய மொழி வழங்கும் நாடுகளைப் பூர்விகமாகக் கொண்டவர்களையே ஹிஸ்பானியர் என்கின்றனர். இவர்கள் அனைவரும் குடியேறியவர்கள் என்று எண்ணுதல் தவறு. மெக்ஸிகோவுடன் நடந்த போர் 1848-ல் முடிந்தபோது, கலிபோர்னியா முதலிய பெருநிலப் பகுதிகள் அமெரிக்காவின் வசமாயின. அங்கே வாழ்ந்தவர்கள் இருந்த இடத்தில் இருந்தபடியே வேறொரு நாட்டின் குடிகளாயினர். போர்ட்டோ ரிக்கோ தீவினர் 1917 முதல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர்கள். இவர்களோடு, வயல் வேலைக்கும் ஆலை வேலைக்கும் வந்து சேர்ந்தவர்களும் கூடி, 2020-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் இவர்கள் தொகை 6 கோடியே 21 லட்சமாக இருந்தது. அந்நாட்டு மக்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 19 பேர் இவர்களே.

இத்துணைப் பெரிய சமூகம் கல்வியின் வாயிலை அடைவதற்கே நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது. கலிபோர்னியாவின் ஆரஞ்சு மாவட்டத்தில் மெக்ஸிக வமிசத்துப் பிள்ளைகளுக்கென்று தனிப் பள்ளிகள் இருந்தன. மொழி தெரியாதவர்கள் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். மெண்டெஸ் என்ற குடும்பத்தாரும் வேறு சில பெற்றோரும் நீதிமன்றம் சென்றனர். 1946-ல் மாவட்ட நீதிமன்றமும் 1947-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தன. பள்ளிகளில் நிறபேதம் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954-ல் அளித்த புகழ்பெற்ற தீர்ப்புக்கு இது முன்னோடி.

பள்ளிக் கதவு திறந்தபின் கல்லூரியின் கதவு எதிர்நின்றது. இங்கே ஒரு செய்தி நினைவுகூரத் தக்கது. டெக்ஸாஸ் மாநிலத்தின் தென்பகுதியில் கொட்டுலா என்னும் சிற்றூர். 1928-ல் லிண்டன் ஜான்சன் என்ற இளைஞர், தம் கல்லூரிப் படிப்பை இடையில் நிறுத்திவிட்டு, பணம் ஈட்டும்பொருட்டு அங்கே மெக்ஸிகப் பிள்ளைகளின் பள்ளியில் ஆசிரியராக அமர்ந்தார். அறிவிற் குறையாத பிள்ளைகள் பலர் வறுமையால் கல்லூரியை எட்ட முடியாமற் போவதை அவர் கண்டார். பிற்காலத்தில் அவரே ஜனாதிபதியானார். 1965 நவம்பர் 8-ஆம் நாள், தாம் பயின்ற சான் மார்க்கோஸ் கல்லூரிக்கே சென்று, உயர்கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அன்றைய உரையிலும் அந்தப் பள்ளிப் பிள்ளைகளை அவர் குறிப்பிடத் தவறவில்லை. வசதியற்ற மாணவருக்கு அரசாங்கம் உதவித்தொகையும் கடனும் அளிக்கும் முறை அச்சட்டத்தால் விரிவடைந்தது.

ஆனால் அரசாங்கம் வரட்டும் என்று ஹிஸ்பானியர் காத்திருக்கவில்லை. போர்ட்டோ ரிக்கோவிலிருந்து 1944-ல் நியூயார்க் வந்த அந்தோனியா பந்தோஜா என்ற பெண்மணி, தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே படித்துப் பட்டம் பெற்றார். 1961-ல் அவர் நிறுவிய சங்கத்தின் பெயர் ‘அஸ்பிரா’. உயர்வை நாடுதல் என்னும் பொருளுடைய ஸ்பானியச் சொல்லிலிருந்து பிறந்தது அப்பெயர். உயர்நிலைப் பள்ளிகளில் மாணவர் குழுக்களை அமைத்து, கல்லூரிக்குச் செல்லும் வழியை அச்சங்கம் கற்பித்தது. தம் மொழியையும் மரபையும் குறித்து மாணவர் நாணாதிருக்கவும் கற்பித்தது. இவ்விரண்டும் ஒருங்கே நடந்தது குறிப்பிடத் தக்கது. தாய்மொழியைக் கைவிட்டால்தான் முன்னேறலாம் என்று நம்பவைக்கப்பட்ட பிள்ளை, வீட்டையும் இழந்து, கல்லூரியிலும் அந்நியனாக நிற்கிறான்.

இக்கருத்தின் மற்றொரு வடிவம், நியூயார்க்கின் தென் பிராங்க்ஸ் பகுதியில் 1968-ல் நிறுவப்பட்ட ஹோஸ்டோஸ் கல்லூரி. ஸ்பானிய மொழி மட்டுமே அறிந்தவர்கள், ஆங்கிலத்தில் தேர்ச்சி பெறும்வரை பாடங்களை ஒத்திவைக்க வேண்டியதில்லை. சில பாடங்களை ஸ்பானிய மொழியில் தொடங்கிக்கொண்டே ஆங்கிலத்தையும் பயிலலாம் என்பது அதன் ஏற்பாடு.

வயல் வேலைக்காக இடம் விட்டு இடம் பெயரும் குடும்பங்களின் நிலை இன்னும் கடினமானது. டெக்ஸாஸின் ரியோ கிராண்டே சமவெளியிலிருந்து புறப்பட்டு, சர்க்கரைக் கிழங்குக்கும் செர்ரிப் பழத்துக்கும் மிச்சிகன் வரையில் செல்வர். அறுவடை முடிந்தபின் திரும்புவர். பிள்ளைகளின் படிப்பு ஆண்டுதோறும் நடுவே அறுபடும். இத்தகைய குடும்பத்து மாணவருக்கென்றே 1972-ல் ஒரு கூட்டாட்சித் திட்டம் தோன்றியது. கல்லூரியின் முதலாண்டில் மட்டும் அது கைகொடுக்கிறது: கட்டணத்துக்கு உதவி, கைச்செலவுக்குச் சிறு தொகை, தனிப்பாடம், ஆலோசனை ஆகியவை கிடைக்கின்றன. ஆஸ்டின் நகரத்துப் புனித எட்வர்டு பல்கலைக்கழகம் அதனைத் தொடக்கத்திலேயே ஏற்றது. முதலாண்டு மட்டும் ஏன் எனில், தடுமாற்றமும் கைவிடுதலும் மிகுதியாக நேர்வது அப்போதுதான்.

சேர்ந்த மாணவன் ஏன் இடையில் நின்றுவிடுகிறான்? கலிபோர்னியாவின் ஹேவர்டு நகரில் உள்ள சாபட் கல்லூரியினர் இக்கேள்வியை ஆராய்ந்தனர். ஆலோசகரிடம் செல்லாமை, கல்லூரித் தரத்து எழுத்துப் பாடத்தைத் தவிர்த்தல், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி காண்பவராயிருத்தல் ஆகியவற்றைக் கண்டனர். 1981-ல் அவர்கள் தொடங்கிய திட்டத்தின் பெயர் ‘புவென்ட்டே’, அதாவது பாலம். எழுதப் பயிற்றும் ஆசிரியர் ஒருவர், ஆலோசகர் ஒருவர், அதே சமூகத்தில் தொழில் செய்து நிலைபெற்ற வழிகாட்டி ஒருவர் என மூவர் மாணவனுக்குத் துணை நிற்பர். ஈராண்டுக் கல்லூரியில் தொடங்கியவன் நான்காண்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறிச் செல்ல வேண்டும் என்பது இதன் நோக்கம். பெரும் பொருட்செலவின்றி நடைபெறத் தக்க இம்முறை, பிற கல்லூரிகளுக்கும் பரவியது.

தனி மாணவருக்கு உதவுவதோடு, அவர்கள் மிகுதியாகப் பயிலும் கல்லூரிகளுக்கே உதவ வேண்டும் என்ற கருத்தும் வலுத்தது. 1986-ல் சான் அந்தோனியோ நகரில் இத்தகைய கல்லூரிகளின் சங்கம் ஒன்று அமைந்தது. 1992-ல் உயர்கல்விச் சட்டம் திருத்தப்பட்டு, ஹிஸ்பானியருக்குப் பணியாற்றும் கல்லூரிகள் என்ற வகை ஏற்கப்பட்டது. இளநிலை மாணவருள் நூற்றுக்கு 25 பேரேனும் ஹிஸ்பானியராக இருத்தல் வேண்டும். வறிய மாணவரும் கணிசமாக இருத்தல் வேண்டும். இக்கல்லூரிகளுக்கு ஆய்வுக்கூடம், நூலகம், தனிப்பாடம், ஆசிரியர் பயிற்சி ஆகியவற்றுக்கு மானியம் கிடைத்தது. அங்கே பயின்ற எல்லா மாணவரும் அதன் பயனை அடைந்தனர். இந்த அளவை எட்டிய கல்லூரிகள் இன்று ஏறத்தாழ 600.

இவ்வேற்பாட்டின் மீது இருவகைக் குறைகள் கூறப்பட்டன. மாணவரை எண்ணிக்கையில் சேர்த்துக்கொண்டதாலேயே ஒரு கல்லூரி அவர்களுக்குப் பணியாற்றியதாகிவிடுமா என்பது ஒன்று. இது நியாயமான கேள்வி. எத்தனை பேர் சேர்ந்தனர் என்பதைக் காட்டிலும், எத்தனை பேர் பட்டம் பெற்று வெளியேறினர் என்பதே உண்மை அளவை. வமிசத்தை வைத்து விகிதம் வகுத்தல் அரசியல் சட்டத்துக்கு ஒவ்வாது என்பது மற்றொன்று. இவ்வாதத்தை ஏற்று, 2025 செப்டம்பரில் அமெரிக்கக் கல்வித் துறை, இவ்வகை மானியத்தையும் இதனை ஒத்த வேறு சில மானியங்களையும் நிறுத்துவதாக அறிவித்தது. ஏறத்தாழ 35 கோடி டாலர் இதில் அடங்கும். கடமையுணர்ச்சியோடு பணியாற்றிவந்த கல்லூரிகளுக்கு இது பேரிடியாயிற்று.

சட்டநுட்பத்தை அந்நாட்டார் தீர்த்துக்கொள்வர். நாம் கருதத் தக்கது வேறு. மானியம் நின்றால், முதலில் மறைவது கட்டிடமன்று; மாலையில் அமர்ந்து பாடம் சொல்லும் உதவியாளரும், விண்ணப்பத்தை உடனிருந்து நிரப்பித் தரும் ஆலோசகருமே முதலில் மறைகின்றனர். பணமும் வழியும் உடைய வீட்டுப் பிள்ளைக்கு இவர்கள் இல்லாமை பெரிய குறையன்று. மற்றவனுக்கோ, படிப்பு முடிவதும் முறிவதும் இவர்களைப் பொறுத்தது. ஆதலின் அரசாங்கத்தின் பொறுப்பு ஒருபோதும் நீங்குவதில்லை.

அதே வேளையில், அரசாங்கத்தின் கை தளரும்போதும் தளராதிருப்பது சமூகத்தின் கை. அஸ்பிரா தோன்றியது உயர்கல்விச் சட்டத்துக்கு நான்கு ஆண்டுகள் முன்னர் என்பதை மறத்தலாகாது. முன்னே சென்றவர் பின்னே வருபவருக்கு வழி சொல்ல வேண்டும் என்பதே அதன் கொள்கை. இதற்குச் சட்டமும் வேண்டா, மானியமும் வேண்டா.

நம்மவர் வாழும் நகரங்களில் தமிழ்ச் சங்கங்கள் பல உண்டு. விழாக்களும் நாடகங்களும் அங்கே சிறப்பாக நடைபெறுகின்றன. வாரத்தில் ஒரு மாலைப் பொழுதில், பட்டம் பெற்ற இளைஞர் இருவர் அங்கே அமர்ந்து, கல்லூரி விண்ணப்பம், உதவித்தொகை, விடுதி, நுழைவுத் தேர்வு ஆகியவற்றை விளக்குவாரானால், அவ்வூரில் கூலி வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பத்தின் பிள்ளையும் துணிந்து வந்து கேட்கும். கேட்கத் துணிந்த பிள்ளை, வழியில் பாதி கடந்ததாகவே கொள்ளலாம்.