தலைமாட்டில் பேசிய பேச்சு

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரை)



மூளையைப் படம் பிடிப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். பத்திரிகையில் மூளைப் படம் போட்டு, சிவப்பும் மஞ்சளுமாய்த் திட்டுகள் காட்டி, 'இதோ நினைப்பு' என்கிறார்களே, அது நினைப்பு இல்லீங்க, ரத்தம்.

மூளையில் ஒரு பகுதி வேலை செய்தால், ஆக்ஸிஜன் ஏறிய ரத்தம் தேவைக்கு மேலேயே அங்கே பாய்கிறது. ஆக்ஸிஜன் உள்ள ஹீமோகுளோபினுக்கும் இல்லாததற்கும் காந்தக் குணம் வேறு. இந்த வித்தியாசம் எம்.ஆர்.ஐ.யில் தெரியும் என்று, அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் இருந்த செய்ஜி ஒகாவா 1990-இல் எலிகளிடம் காட்டினார். 1992-க்குள் மனிதர்களிடமும் பார்த்துவிட்டார்கள். ஊசி வேண்டாம், கதிரியக்க மருந்தும் வேண்டாம்.

ஆனால் நரம்புச் செல்லின் துடிப்பு மில்லி செகண்டு கணக்கு. ரத்தம் உச்சம் தொட ஐந்தாறு விநாடி ஆகும். தேர் போன பிறகு தெருவில் கிடக்கும் பூவைப் பார்த்து ஊர்வலத்தைக் கணக்குப் போடுகிற கதை! அதனால் வேகத்துக்கு ஈ.ஈ.ஜி.யையும் துணைக்கு வைத்துக்கொள்கிறார்கள்.

கணக்குப் பிழையும் நேரும். 2009-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் கிரெய்க் பென்னட் குழுவினர் ஒரு செத்த சால்மன் மீனைக் கருவிக்குள் வைத்து, மனிதர்களின் புகைப்படங்களைக் 'காட்டினார்கள்'. புள்ளியியல் திருத்தம் செய்யாமல் பார்த்தபோது, அதன் மூளையிலும் திட்டு தெரிந்தது! (சிரிப்பு)

இவ்வளவு சந்தேகத்தையும் கையில் வைத்துக்கொண்டுதான் அடுத்ததைக் கேட்க வேண்டும்.

இங்கிலாந்தில் 23 வயதுப் பெண். 2005-இல் சாலை விபத்து. கண் திறக்கிறாள், தூங்கி விழிக்கிறாள். கூப்பிட்டால் பதில் இல்லை. ஐந்து மாதம் கழித்து ஏட்ரியன் ஓவன் குழுவினர் அவளைக் கருவிக்குள் படுக்க வைத்து, 'டென்னிஸ் ஆடுவதாக நினைத்துக்கொள்' என்றார்கள். அசைவைத் திட்டமிடும் பகுதி வேலை செய்தது. 'உன் வீட்டுக்குள் அறை அறையாக நடப்பதாக நினை' என்றார்கள். இடம் அறியும் பகுதி. நல்ல ஆரோக்கியமானவர்களின் படத்துக்கும் அவள் படத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. 'டென்னிஸ் என்ற சொல் காதில் விழுந்ததால் தானாக வந்தது' என்று சிலர் வாதித்தார்கள். தானாக வந்தது முப்பது விநாடி நிற்குமா? 'இப்போது ஓய்வெடு' என்று சொல்லும்வரை நின்றது. 2006-இல் இது வெளியானது.

2010-இல் வெளியான ஆய்வில் 54 நோயாளிகள். ஐந்து பேரிடம்தான் இப்படி மாற்றம் தெரிந்தது. அதில் ஒருவரிடம், 'ஆமாம்' என்றால் டென்னிஸ், 'இல்லை' என்றால் வீடு என்று சொல்லி, 'உங்கள் அப்பா பெயர் இதுதானா?' என்பது போல ஆறு கேள்வி கேட்டார்கள். ஐந்துக்குச் சரியான பதில்.

2024-இல் பெரிய ஆய்வு ஒன்று வந்தது. சொன்னதற்கு எந்த அசைவும் காட்டாத 241 பேரில் 60 பேர், எம்.ஆர்.ஐ.யிலோ ஈ.ஈ.ஜி.யிலோ மூளைக்குள் சொன்னதைச் செய்திருக்கிறார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். சொன்னதைக் கண்ணெதிரே செய்து காட்டிய 112 பேரிலேயே கருவிக்குப் பிடிபட்டது 43 பேர்தான். கருவி 'இல்லை' என்றால் ஆள் இல்லை என்று ஆகாது.

1987-இல் என் தகப்பனார் மூளையில் ரத்தக் கசிவு வந்து பதினொரு நாள் கிடந்தார். 'இவருக்கு ஒண்ணும் தெரியாது' என்று சொல்லிவிட்டார்கள். நாங்களும் நம்பினோம். அவர் தலைமாட்டிலேயே நின்று, வீடு யாருக்கு என்று நானும் அண்ணனும் சத்தமாகப் பேசினோம். அம்மா மட்டும் தினம் காலையில் பேப்பரை விரித்து அவருக்குப் படித்துக் காட்டுவாள். 'உனக்கென்னம்மா பைத்தியமா?' என்று கேட்டவன் நான்தான்.

அவர் காதில் எது விழுந்ததோ, எனக்குத் தெரியாது. கேட்டுப் பார்க்க அன்றைக்கு வழியும் இல்லை.

மாணவர்களுக்குக் கேள்வி இருந்தால் டீ இடைவேளையில் வாருங்கள்.