யார் பதில் சொல்வது?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை. மலருக்காகச் சிறிது சுருக்கப்பட்டுள்ளது.)



செயலாளர் போன் செய்து, "உங்க கம்பெனிகள்ல எல்லாம் அஜைல், அஜைல்னு சொல்றாங்களே, அதைப் பத்திப் பசங்களுக்குப் புரியற மாதிரி பேசுங்க" என்றார். அது முழுவதையும் சொல்ல எனக்குக் கொடுத்த அரை மணி போதாது. ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். அப்படி வேலை செய்யும் குழுவில் யார் எதற்குப் பொறுப்பு என்பதுதான் அது. என் பன்னிரண்டு வருட அனுபவத்தில், ப்ராஜெக்ட் கெட்டுப்போனதற்குத் திறமைக் குறைவு காரணமாக இருந்ததை அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். ஒரு கேள்விக்கு யார் பதில் சொல்ல வேண்டும் என்று தெரியாமல் கெட்டுப்போனவை அதிகம்.

சிவில், மெக்கானிக்கல் நண்பர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. கட்டடம் கட்டும்போது வரைபடம் முழுவதும் முடிந்த பிறகுதான் அஸ்திவாரம் தோண்டுகிறோம். மென்பொருளையும் முன்பு அப்படித்தான் செய்தார்கள். ஆனால் வாடிக்கையாளர் திரையில் பார்த்த பிறகுதான், "இது இல்லீங்க நான் கேட்டது" என்பார். ஒரு வருடம் கழித்து அதைச் சொன்னால் எல்லாரும் மாட்டிக்கொள்வோம். அதனால் வேலையைச் சிறு சிறு துண்டாக்கி, இரண்டு வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறை முடித்துக் காட்டுவது என்று வந்தது. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி எழுதிய அறிக்கையிலிருந்துதான் அஜைல் என்ற பெயர் பரவியது.

அதில் பரவலாகக் கையாளப்படும் முறை ஸ்க்ரம். பெயர் ரக்பி ஆட்டத்திலிருந்து வந்தது. 1986-ல் தக்கேயுச்சி, நொனாகா என்ற இரண்டு ஜப்பானியப் பேராசிரியர்கள் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் ஒரு கட்டுரை எழுதினார்கள். புதுப் பொருளை உருவாக்கும் வேலை ரிலே ஓட்டம் மாதிரி ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குப் போகக்கூடாது, ரக்பியில் அணி மொத்தமும் பந்தோடு சேர்ந்து நகர்வது போல இருக்க வேண்டும் என்பது அவர்கள் கருத்து. நம் விளையாட்டு விழாவில் ரிலே ஓடியவர்களுக்குத் தெரியும். கட்டை கீழே விழுந்தால் கொடுத்தவன் வாங்கினவனைச் சொல்வான், வாங்கினவன் கொடுத்தவனைச் சொல்வான். பிறகு கென் ஷ்வாபர், ஜெஃப் சதர்லேண்ட் என்ற இருவர் இதை ஒரு முறையாக்கி 1995-ல் ஒரு மாநாட்டில் முன்வைத்தார்கள். 2010-ல் கையேடாகவும் எழுதினார்கள். மெல்லிய கையேடுதான். ஆனால் அதைப் படிக்காமலேயே சர்டிபிகேட் வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

அந்தக் கையேட்டின்படி குழுவில் மூன்றே வகை ஆட்கள். என்ன செய்வது, எதை முதலில் செய்வது என்று முடிவு சொல்பவர் ப்ராடக்ட் ஓனர். குழுவின் வேலைமுறை ஒழுங்காக நடக்கவும், முட்டுக்கட்டைகள் விலகவும் பொறுப்பானவர் ஸ்க்ரம் மாஸ்டர். செய்து முடிப்பவர்கள் டெவலப்பர்கள். மொத்தம் பத்துப் பேருக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. 2020-ல் கையேட்டைத் திருத்தியபோது ஒரு சொல்லை மாற்றினார்கள். அதுவரை இவற்றைப் 'பாத்திரங்கள்' என்ற பொருளில் சொல்லிவந்தவர்கள், 'பதில் சொல்லும் பொறுப்பு' என்ற பொருள் தரும் சொல்லைப் போட்டார்கள். என் பார்வையில் அந்தத் திருத்தத்தில் முக்கியமானது இதுதான். நம் ஊரில் அந்த மூன்றையும் பதவி என்று எடுத்துக்கொண்டு விசிட்டிங் கார்டில் அச்சடித்துவிட்டோம்.

பொறுப்பு யாரிடமும் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகமே பார்த்த உதாரணம் ஒன்று உண்டு. 2013 அக்டோபர் 1-ஆம் தேதி அமெரிக்க மத்திய அரசு, மக்கள் மருத்துவக் காப்பீடு வாங்குவதற்காக ஹெல்த்கேர் டாட் கவ் என்ற இணையதளத்தைத் திறந்தது. 36 மாநிலங்கள் அதை நம்பியிருந்தன. முதல் நாள் லட்சக்கணக்கானோர் முட்டி மோதினார்கள். பதிவை முடித்தவர்கள் ஆறு. ஆறு லட்சம் இல்லை, ஆறு பேர்! பணமோ ஆட்களோ குறைவில்லை. 60 ஒப்பந்தங்கள் போட்டிருந்தார்கள். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து ஓடவைக்கும் பொறுப்பை அரசுத் துறையே வைத்துக்கொண்டிருந்தது. ஆனால் துறைக்குள் அது எந்த ஒருவரின் பொறுப்பு என்பது தெளிவாக இல்லை. 2016-ல் வந்த தலைமை ஆய்வாளர் அலுவலக அறிக்கை, தெளிவான தலைமை இல்லாததையும் அதனால் முடிவுகள் தாமதமானதையும் முக்கியக் குறையாகச் சொன்னது.

சரிசெய்த விதத்தைப் பாருங்கள். அதே அக்டோபரில் ஜெஃப் ஜயன்ட்ஸ் என்பவரைப் பொறுப்பாளராகப் போட்டார்கள். ஏற்கெனவே ஒரு பகுதியைச் செய்துகொண்டிருந்த ஒரு நிறுவனத்திடம், மொத்தத்துக்கும் இனி நீங்கள்தான் என்று கொடுத்தார்கள். கூகுளிலிருந்து விடுப்பில் வந்த மைக்கி டிக்கர்சன் தினமும் நின்றபடி நடக்கும் குறுங்கூட்டங்களை நடத்தினார். அவர் வைத்த விதிகள் மூன்று. இங்கே கோளாறைத் தீர்க்கப் பேசுவோம், பழிபோட வேறு இடத்துக்குப் போங்கள். விஷயம் தெரிந்தவர் பேசட்டும், பெரிய பதவியில் இருப்பவர் கேட்கட்டும். அடுத்த ஓரிரு நாளில் நம்மைத் தாக்கப்போவதை மட்டும் இப்போது பார்ப்போம். இதற்கு அவர்கள் ஸ்க்ரம் என்று பெயர் வைக்கவில்லை. டிசம்பர் தொடக்கத்தில் ஒரே நேரத்தில் 50,000 பேரைத் தாங்கும் என்று அரசு அறிவித்தது. அங்கே உட்கார்ந்து வேலை செய்த பொறியாளர்களில் பலர் முன்பே அந்த நிறுவனங்களில் இருந்தவர்கள்தான்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். சென்னையில் பெரும்பாலும் நாம் செய்வது கடல் கடந்த வாடிக்கையாளரின் வேலை. ப்ராடக்ட் ஓனர் அங்கே இருப்பார், அல்லது இருப்பதாகச் சொல்வார்கள். இங்கே ஒருவருக்கு அவருடைய பிரதிநிதி என்று பெயர். எங்கள் குழுவில் அப்படி ஒரு பெண்மணி இருந்தார், கெட்டிக்காரர். சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றுக்கு வேலை. பார்சல் எப்போது வந்து சேரும் என்று திரையில் காட்ட வேண்டும். கிடங்கு இருக்கும் ஊரின் நேரமா, வாங்குபவர் ஊரின் நேரமா? இவ்வளவுதான் கேள்வி. "கேட்டுச் சொல்றேன்" என்றார். அங்கே இருந்த மேலாளர் சட்டப் பிரிவைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். சட்டப் பிரிவு விற்பனைப் பிரிவைக் கை காட்டியது. நான்கு வாரம் ஓடியது. நாங்கள் இரண்டு விதமாகவும் எழுதி நடுவில் ஒரு சுவிட்ச் வைத்தோம். சோதிப்பவருக்கு இரட்டை வேலை. அந்தப் பெண்மணிக்குத்தான் தினமும் திட்டு.

பிறகு வாடிக்கையாளர் பக்கம் யாருக்கோ புத்தி வந்து, கிடங்கில் பல வருடம் வேலை பார்த்த ஒரு அம்மையாரைப் போட்டு, "இவர் சொன்னால் சொன்னதுதான்" என்றார்கள். முதல் கூட்டத்திலேயே அவர், "வாங்குறவர் ஊர் நேரம். அவர்தானே வீட்டில் காத்திருக்கிறார்" என்று முடித்துவிட்டார். இத்தனைக்கும் கம்ப்யூட்டரில் எங்கள் அளவுக்குக்கூட அவருக்குப் பழக்கம் இல்லை. ப்ராடக்ட் ஓனர் ஒரு கமிட்டியாக இருக்கக்கூடாது, ஒரே ஆளாக இருக்க வேண்டும், அவர் முடிவை நிறுவனம் மதிக்க வேண்டும் என்று கையேடு சொல்வது இதைத்தான். முடிவெடுக்கும் உரிமையைக் கொடுக்காமல் பெயரை மட்டும் கொடுப்பது அந்த ஆளுக்குச் செய்யும் அநியாயம்.

ஸ்க்ரம் மாஸ்டர் கதை வேறு மாதிரி. தினமும் 15 நிமிடத்துக்கு மேல் போகாத கூட்டம் ஒன்று உண்டு. டெவலப்பர்கள் தங்களுக்குள் அன்றைய வேலையைத் திட்டமிட்டுக்கொள்ள ஏற்பட்டது அது. பல இடங்களில் அது அட்டெண்டன்ஸ் ஆகிவிட்டது. "நேத்து இதைச் செஞ்சேன், இன்னிக்கு இதைச் செய்வேன், தடை ஒண்ணும் இல்லை" என்று வரிசையாக ஒப்பிப்பார்கள். 'உள்ளேன் ஐயா' என்பது ஒன்றுதான் பாக்கி. அந்த மூன்று கேள்விகளையே 2020 கையேடு எடுத்துவிட்டது, எங்கள் அலுவலகங்கள் இன்னும் விடவில்லை. எனக்குத் தெரிந்த நல்ல ஸ்க்ரம் மாஸ்டர் ஒருவர், சோதனை சர்வருக்கு அனுமதி கிடைக்காமல் குழு பதினோரு நாள் கைகட்டி நின்றபோது, மெயில் அனுப்பிக்கொண்டிருக்காமல் மூன்றாவது மாடிக்கு நடந்துபோய், கையெழுத்துப் போட வேண்டியவர் மேசைக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார். சாயங்காலத்துக்குள் அனுமதி வந்தது.

மூன்றாவது, டெவலப்பர்கள். புரோகிராம் எழுதுபவர் மட்டும் இல்லை, சோதிப்பவர், வடிவமைப்பவர் எல்லாருக்கும் இதே பெயர்தான். எப்படிச் செய்வது என்பதை அவர்களுக்கு வேறு யாரும் சொல்வதில்லை. பதிலாக, முடிந்தது என்றால் என்ன என்று முன்பே எழுதிவைத்து, அந்தத் தரத்துக்குச் சேர்ந்து பதில் சொல்ல வேண்டும். "என் பக்கம் முடிஞ்சுது, டெஸ்டிங்லதான் நிக்குது" என்ற வாக்கியத்துக்கு அங்கே இடமில்லை. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் நான்கு பெயர் இருக்கும், வைவாவில் ஒருவன் மட்டும் பேசுவான். முன் வரிசையில் சிரிக்கும் பேராசிரியர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அந்தப் பழக்கத்தோடு வேலைக்கு வருபவர்கள் முதல் வருடம் ரொம்பத் திணறுகிறார்கள்.

இங்கே மேலாளர்களாக இருக்கும் அண்ணன்மார்களும் அக்காமார்களும், "அப்போ எங்க வேலை எங்கேப்பா?" என்று கேட்பது காதில் விழுகிறது. கையேட்டில் ப்ராஜெக்ட் மேனேஜர் என்ற பேச்சே இல்லை என்பது உண்மைதான். ஆனால் ஒப்பந்தம், சம்பளம், ஆள் எடுப்பது எல்லாம் இருக்கத்தானே செய்கிறது? அவற்றை நீங்கள் பாருங்கள். அன்றாட வேலையைப் பிரித்துக்கொடுப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். விட மனமில்லாதவர்கள் தங்களுக்கே ஸ்க்ரம் மாஸ்டர் பட்டம் சூட்டிக்கொள்கிறார்கள். சம்பள உயர்வு அவர் கையில் இருக்கும்போது, எந்தப் பையன் அவர் முன்னால் வாய் திறந்து "இந்த வேலை இரண்டு வாரத்தில் முடியாது சார்" என்பான்? இன்னொன்று: குழுவாகப் பொறுப்பேற்கச் சொல்லிவிட்டு, வருடக் கடைசியில் அதே குழுவை ஒன்று முதல் ஐந்து வரை தரம் பிரித்து ஒருவனைக் கடைசியில் தள்ளுகிறோம். அடுத்த வருடம் யாரும் யாருக்கும் உதவமாட்டார்கள். இதற்கு என்னிடம் முழுத் தீர்வு இல்லை. தரத்தில் பாதியையாவது குழுவுக்கு மொத்தமாகக் கொடுங்கள் என்று நான் இருக்கும் இடத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறேன், இன்னும் கிடைக்கவில்லை.

தம்பி தங்கைகளே, கேம்பஸ் இன்டர்வியூவில் "எனிதிங் டு ஆஸ்க்?" என்று கேட்டால், "உங்கள் குழுவில் எதை முதலில் செய்வது என்று முடிவு சொல்பவர் யார்?" என்று கேளுங்கள். ஒரு பெயர் வந்தால் நல்லது. "நாங்கள் எல்லாரும் சேர்ந்து" என்று பதில் வந்தால், "இருவர் இரண்டு விதமாகச் சொன்னால்?" என்று மரியாதையாக இன்னொரு கேள்வி கேளுங்கள். அதற்காக வேலை கொடுக்காமல் விடமாட்டார்கள், பயப்பட வேண்டாம்.

சாப்பாட்டுக்குப் பிறகு நாலு மணி வரை பழைய கம்ப்யூட்டர் லேபில் இருப்பேன். ஃபைனல் இயர் குழுக்கள் உங்கள் ப்ராஜெக்ட் தலைப்போடு வாருங்கள். ஒரு வெள்ளைத்தாளில் எதற்கு யார் பதில் சொல்வது என்று பெயரோடு எழுதிப்பார்ப்போம். நான்கு பேரும் வர வேண்டும், ஒருவரை மட்டும் அனுப்பக்கூடாது.