மருத்துவ நுழைவுத் தேர்வு: எப்போது எழுதுவது? எதுவரை எழுதுவது?

(நமது பங்கின் பொன்விழாவை ஒட்டி நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)

 

விழாக் குழுவினர் எங்களிடம் வந்து, மருத்துவ நுழைவுத் தேர்வைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டபோது நாங்கள் தயங்கினோம். "பிள்ளையை டாக்டருக்குப் படிக்கவைத்த பெற்றோரை அழைத்திருக்கலாமே!" என்றோம். "அவர்கள் சொல்வதைத்தான் எல்லாரும் கேட்கிறோமே, உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள்" என்றார்கள். எங்களில் ஒருவர் பள்ளி ஆசிரியர், மற்றவர் செவிலியர். இந்த உரையை இருவரும் சேர்ந்தே எழுதினோம். வாசிக்கிறவர் ஒருவர், சொல்கிறவர்கள் இருவர்.

முதலில், இந்தத் தேர்வு வந்த வழியைச் சற்று நினைவுபடுத்திக் கொள்வோம். 1984 முதல் நம் மாநிலத்திலேயே ஒரு நுழைவுத் தேர்வு இருந்தது. இங்கே அமர்ந்திருக்கும் பெற்றோர் சிலர் அதை எழுதியிருப்பீர்கள். பின்னர் அது நீக்கப்பட்டு, 2007 முதல் பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டே மருத்துவக் கல்லூரியில் இடம் கொடுத்தார்கள். 2017 முதல் நீட் தேர்வு தமிழ்நாட்டுக்கும் வந்துவிட்டது. விலக்குக் கேட்டு 2021இல் சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது. அதற்கு ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025இல் அறிவிப்பு வந்தது. "எப்படியும் நீட் போய்விடும், பொறுத்திருந்து பார்ப்போம்" என்று எத்தனையோ குடும்பங்கள் காத்திருந்தன. சட்டம் ஒருபுறம் நடக்கட்டும். பிள்ளையின் வயது அதற்காகக் காத்திருப்பதில்லை.

எங்களுக்கு ஒரு மகனும் ஒரு மகளும். மகன் 2019இல் பிளஸ் டூ முடித்தான். அவ்வாண்டு மே மாதம் 5ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, தேர்வு. காலைப் பூசை முடிந்ததும் மதுரைக்குப் பஸ் ஏறினோம். தேர்வு இரண்டு மணிக்கு. ஆனால் ஒன்றரைக்கெல்லாம் வாசற்கதவை அடைத்துவிடுவார்கள். கழுத்தில் கிடந்த சிலுவைச் சங்கிலியைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனான். முடிவு வந்தபோது மதிப்பெண் மிகவும் குறைவு.

அன்று மாலையே நாங்கள் தீர்மானம் செய்துவிட்டோம். இன்னோர் ஆண்டு படிக்கட்டும், வெளியூரில் பயிற்சி நிலையத்தில் விடுதியோடு சேர்த்துவிடுவோம் என்றோம். நகையை அடகு வைத்தோம். பங்கில் எல்லாரிடமும், "அடுத்த வருஷம் கட்டாயம் கிடைத்துவிடும்" என்று சொன்னோம். அவனிடம் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. அவனும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

2020இல் கொள்ளைநோய் வந்தது. மே மாதத் தேர்வு சூலைக்குப் போயிற்று. சூலைத் தேர்வு செப்டம்பர் 13க்குப் போயிற்று. விடுதியை மூடிவிட்டார்கள். கட்டிய பணம் திரும்பவில்லை. வீட்டில் கைபேசித் திரையைப் பார்த்துப் படித்து எழுதினான். இடம் கிடைக்கவில்லை. "இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், இன்னும் ஒரு முறை" என்றோம். 2021ஆம் ஆண்டுத் தேர்வும் செப்டம்பர் 12இல்தான் நடந்தது. முடிவு நவம்பரில் வந்தது. அதற்குள் மற்றக் கல்லூரிகளில் எல்லாம் சேர்க்கை முடிந்துவிட்டது. எந்தக் கல்லூரிக்கும் நாங்கள் விண்ணப்பம் போட்டு வைத்திருக்கவில்லை.

முடிவு வந்த அன்று இரவு அவன் சொன்ன வார்த்தையை இங்கே சொல்லத்தான் வேண்டும். "அப்பா, டாக்டராக வேண்டும் என்று நான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லையே!" என்றான். எங்களால் பதில் பேச முடியவில்லை. இந்தத் தேர்வை எண்ணி உயிரை மாய்த்துக்கொண்ட பிள்ளைகளின் படங்களை 2017 முதல் நாம் செய்தித்தாள்களில் பார்த்து வருகிறோம் அல்லவா? அன்றிரவு அவனிடம் அறைக் கதவைத் தாழிட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டோம். இருவரும் விடியும் வரை வாசற்படியருகே பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம்.

2022இல் அவன் கணிதப் பட்டப்படிப்பில் முதலாண்டு சேர்ந்தான். அவனோடு பிளஸ் டூ படித்தவர்கள் அந்த ஆண்டு பட்டம் வாங்கி வெளியே வந்தார்கள். மூன்று ஆண்டுகள்! அவை அவனுடையவை, செலவழித்தவர்கள் நாங்கள்.

அடுத்து மகளின் முறை. சிறு வயது முதலே மருத்துவமனை வேலையில் அவளுக்கு ஆசை உண்டு. 2023 சனவரியில் வந்து, "அம்மா, நான் இந்த வருஷம் நீட் எழுதவில்லை. பிளஸ் டூவை நன்றாக முடித்துவிட்டு, அடுத்த வருஷம் ஒரே முறையாக எழுதுகிறேன்" என்றாள். சூடு கண்ட பூனைகளாகிய நாங்கள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "அண்ணனிடம் கேள்" என்றோம். அவன் சொன்னான்: "எழுதிவிடு. அந்த மண்டபத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால்தான் உனக்கு எது தெரியும், எது தெரியாது என்று புரியும். ஆனால் அதற்கப்புறம் என்ன என்பதை நீதான் சொல்ல வேண்டும், இவர்கள் சொல்லக் கூடாது."

எழுதினாள், இடம் கிடைக்கவில்லை. ஒரு வாரம் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை என்று வைத்துக்கொண்டோம். எட்டாம் நாள் அவளே ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்தாள். ஓர் ஆண்டு மட்டும் வீட்டிலிருந்து படிப்பேன். 2024இல் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் அந்த ஆண்டே செவிலியர் படிப்பில் சேருவேன், மூன்றாம் முறை என்ற பேச்சு கூடாது என்று அதில் இருந்தது. மூவரும் கையெழுத்துப் போட்டோம்.

2024இல் முந்திய ஆண்டைவிட 140 மதிப்பெண் அதிகம் வாங்கினாள். வீட்டில் ஒரே மகிழ்ச்சி. ஆனால் அந்த ஆண்டு எல்லாருக்குமே மதிப்பெண் ஏறிவிட்டது. முதலில் வெளியான முடிவில் 67 பேர் 720க்கு 720 வாங்கியிருந்தார்கள். வினாத்தாள் கசிந்தது என்று வழக்குகளும் நடந்தன. முந்திய ஆண்டு இடம் வாங்கித் தந்திருக்கக்கூடிய மதிப்பெண் அந்த ஆண்டு போதவில்லை. மறு ஆண்டு, 2025இல், வினாத்தாள் கடினம். இந்தியாவிலேயே முதலாவதாக வந்தவர் பெற்றது 686. ஆகவே, "போன வருஷம் இத்தனைக்குக் கிடைத்தது" என்று கணக்குப் போடுவதில் பொருளில்லை. தரவரிசையைத்தான் பார்க்க வேண்டும்.

நாங்கள் இரண்டு நாள் தடுமாறினோம். "இன்னும் ஒரே ஒரு முறை" என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவள் அந்தத் தாளை எடுத்துக் காட்டினாள். இன்று அவள் செவிலியர் கல்லூரி மாணவி. விடுமுறைக்கு வந்தால் பேச்செல்லாம் வார்டைப் பற்றித்தான். டாக்டர் ஆகவில்லையே என்ற வருத்தம் அவளுக்கு அறவே இல்லை என்று நாங்கள் பொய் சொல்ல மாட்டோம். ஆனால் அது அவளே எடுத்த முடிவு. அதனால் தலை நிமிர்ந்து நடக்கிறாள்.

அன்பார்ந்த பெற்றோர்களே! இரு பிள்ளைகளும் கற்றுக்கொடுத்த பாடத்தைச் சில வார்த்தைகளில் சொல்லிவிடுகிறோம்.

முதலாவது, பிள்ளைக்கு விருப்பம் இருந்தால் பிளஸ் டூ முடிக்கும் ஆண்டிலேயே தேர்வை எழுதட்டும். இத்தனை முறைதான் எழுதலாம் என்ற வரையறை இதற்கு இல்லை. மேல் வயது வரம்பையும் 2022இல் எடுத்துவிட்டார்கள். டிசம்பர் 31க்குள் 17 வயது நிறைந்தால் போதும். முதல் முறை குறைந்தால் அது எங்கும் கரும்புள்ளியாக நிற்பதில்லை. வினாக்கள் பதினோராம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு இரண்டிலிருந்தும் வருகின்றன. 180 வினாக்களில் பாதி உயிரியல். மீதி இயற்பியலும் வேதியியலும். சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறினால் 1 போய்விடும். ஆகவே தேர்வுக்கு உண்மையான தொடக்கம் பிளஸ் ஒன்னில்தான். அந்த ஆண்டுப் பாடத்தைத் தாண்டிப் போய்விட்டு, கடைசி மூன்று மாதப் பயிற்சியில் சரிக்கட்டலாம் என்று எண்ணுவது வீண்.

இரண்டாவது, முதல் முறை கிடைக்காததை அவமானமாக எண்ண வேண்டாம். நீதிபதி ஏ. கே. ராஜன் குழு 2021இல் கொடுத்த அறிக்கையைப் பாருங்கள். தமிழ்நாட்டில் மருத்துவ இடம் பெற்றவர்களில் மறுமுறை எழுதியவர்கள் 2016-17இல் நூற்றுக்குச் சுமார் 12 பேர். 2020-21இல் சுமார் 71 பேர். அப்படியானால் மறுமுறை எழுதுகிறவர்களுக்கெல்லாம் கிடைக்குமா? இல்லை. கிடைத்தவர்களைத்தான் அந்தக் கணக்கு சொல்கிறது. கிடைக்காமல் வீட்டில் இருப்பவர்களைச் சொல்லவில்லை. ஆகவே மறுபடியும் எழுதுமுன் பிள்ளையிடம் கேளுங்கள்: "இது உன் ஆசையா, எங்கள் ஆசையா? எவ்வளவு குறைந்தது, எந்தப் பாடத்தில் குறைந்தது? கிடைக்காவிட்டால் என்ன செய்வாய்?" இந்தக் கேள்விகளுக்குப் பிள்ளையின் வாயிலிருந்தே பதில் வர வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைப்பார் என்பது இதில் சேராது.

மூன்றாவது, மறுமுறை எழுதுவதற்கு முன்னதாகவே முடிவு நாளைக் குறித்துவிடுங்கள். தோல்விக்குப் பின் குறிக்கும் எல்லை எல்லையாக நிற்பதில்லை. அதே ஆண்டில் வேறு படிப்புகளுக்கும் விண்ணப்பம் போட்டு வையுங்கள். செவிலியர் படிப்புக்கும், மாநில ஒதுக்கீட்டில் கால்நடை மருத்துவத்துக்கும் 2025 வரை பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டே நம் மாநிலத்தில் இடம் கொடுத்திருக்கிறார்கள். ஆண்டுதோறும் விதியைக் கேட்டு உறுதிசெய்து கொள்ளுங்கள்.

நான்காவது, சான்றிதழ்கள். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளியில் கொடுத்த பெயர் ஒன்று என்று நம் பிள்ளைகளுக்கு இருப்பது வழக்கம். பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, ஆதார், சாதிச் சான்று எல்லாவற்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பிளஸ் ஒன்னிலேயே பாருங்கள். இன்னொன்று: அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்காக 2020இல் வந்த 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் அரசு உதவி பெறும் பள்ளிகள் சேரவில்லை. நம் பங்குப் பிள்ளைகள் பலர் படிப்பது உதவி பெறும் பள்ளியில். இது தெரியாமல் அந்த ஒதுக்கீட்டை நம்பியிருந்து, கலந்தாய்வின் போது கலங்கிய பெற்றோரை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

கடைசியாக, பங்கு மக்களாகிய உங்கள் அனைவரிடமும் ஒரு விண்ணப்பம். சூன் மாதம் பூசை முடிந்து வெளியே வரும்போது, தேர்வெழுதிய பிள்ளையைப் பார்த்தவுடன், "எத்தனை மார்க்?" என்று கேட்காதீர்கள். எங்கள் மகன் அந்தக் கேள்விக்குப் பயந்து, ஓராண்டுக்கு மேல் ஞாயிறு முதற் பூசைக்கு இருட்டோடு போய், கடைசிப் பாட்டு முடியுமுன் வீடு திரும்பிவிடுவான். "சாப்பிட்டாயா, நன்றாயிருக்கிறாயா?" என்று கேளுங்கள். அது போதும்.

இந்த உரையை எழுதி முடித்ததும் மகனிடம் படித்துக் காட்டி, இதையெல்லாம் சபையில் சொல்லலாமா என்று கேட்டோம். முன்பு கேட்காமல் விட்டவர்கள் இப்போதாவது கேட்க வேண்டுமல்லவா? சிறிது நேரம் யோசித்துவிட்டு, "சொல்லுங்கள், யாராவது ஒரு பையனுக்கு உதவும்" என்றான்.

அந்த ஒரு பையன் இந்தக் கூட்டத்தில் இருப்பான் என்ற நம்பிக்கையோடு எங்கள் உரையை முடித்துக்கொள்கிறோம்.