தூண்டில் லைசென்சும் ஓட்டுரிமையும்

அமெரிக்காவில் மீன் பிடிக்கவோ, மான் வேட்டையாடவோ வேண்டுமானால், பொதுவாக மாகாண சர்க்காரிடம் பணம் கட்டி லைசென்சு வாங்கியாக வேண்டும். காட்டிலிருக்கிற தூண்டில்காரனிடத்திலும் பணம் வசூலிக்கச் சர்க்காருக்கு வழி தெரிந்தது. ஆனால், ஓட்டர் ஜாபிதாவில் பேர் சேர்ப்பதென்றால் மாத்திரம், அநேக மாகாணங்களில் அவனேதான் ஆபீசைத் தேடிப் போகவேண்டியதாயிருந்தது. இது என்ன நியாயம் என்று கேட்கிறோம்.

இது வெறும் அசட்டையால் வந்ததுமல்ல. தென் மாகாணங்களில் கறுப்பு மக்களை ஓட்டுப்போட வொட்டாமல் செய்யவே தலைவரியும், எழுத்துப் பரீட்சையும் வைத்தார்கள். 1965ம் வருஷத்து ஓட்டுரிமைச் சட்டம் வந்துதான் அங்கு அந்தப் பரீட்சை நின்றது.

பிறகு 1993ல் ஒரு சட்டம் செய்து, மோட்டார் ஓட்டும் லைசென்சு ஆபீசிலும், ஏழைகளுக்கு உதவி கொடுக்கும் ஆபீசிலும் ஓட்டர் பதிவு நடக்கவேண்டும் என்றார்கள். வேறு சில ஆபீசுகளையும் மாகாணங்களே பொறுக்கிச் சேர்க்கவேண்டுமென்று சொல்லி, அதற்கு உதாரணமாகப் புஸ்தகசாலையோடு மீன்பிடி, வேட்டை லைசென்சு ஆபீசையும் குறித்தார்கள்.

"அக்கறையுள்ளவன் தானே போய்ப் பதியட்டுமே" என்பார்கள் சிலர். ஒருநாள் கூலியை இழந்தால் அடுப்பெரியாதவனுக்கு அக்கறை மாத்திரம் போதுமா? வேண்டாதவன் வேண்டாமென்று சொல்லிவிடட்டும், கட்டாயமில்லை. ஆனால், கேட்கவேண்டியது சர்க்காரின் கடமை.

ஓட்டு பிச்சையல்ல, தோழர்களே! பணம் வாங்க நீட்டுகிற கை, அதே இடத்தில் பதிவுக் காகிதத்தையும் நீட்டட்டும் என்பதே நமது அபிப்பிராயம்.