கண்ணிற்பட்ட துகள்

(கிருஷ்ணன்கோவிலில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



கதிரடிக்கையில் உமியும், கிணறு வெட்டுகையில் கற்சில்லும் கண்ணிற் படுவது நமக்குப் புதிதன்று. "தூசிதானே" என்று இருந்துவிடுகிறோம். 1994-ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் கருவிழிப் புண்ணுக்காகப் பரிசோதிக்கப்பட்ட 434 பேரில் 284 பேர் முன்னர்க் கண்ணில் அடிபட்டவர்கள். பயிர்த் துகளோடு பூஞ்சையும் கண்ணிற் புகுந்துவிடுவதே பேராபத்து.

தூசி விழுந்தால் கசக்காமல் சுத்தமான நீரால் கழுவுங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய், பச்சிலைச் சாறு, கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்து எதனையும் இடவேண்டாம். நாக்கால் எடுப்பதும் தீங்கே.

முள்ளோ இரும்புச் சில்லோ கண்ணிலும் அதனைச் சுற்றியும் தைத்து நின்றால் பிடுங்கலாகாது, கழுவலாகாது, அழுத்திக் கட்டலாகாது. காகிதக் குவளையால் மூடி, உடனே கண் மருத்துவரிடம் செல்லுங்கள். முள் ஒடிந்து உள்ளே தங்கினால், மேற்புண் ஆறிய பின்னும் சீழ் பிடிக்கக்கூடும்.

நேபாளத்தின் பக்தபூரில், கருவிழியில் கீறல்பட்ட 18 மணி நேரத்திற்குள் ஊர்த் தொண்டர்கள் களிம்பு இட்டவர்களுள் ஒருவருக்கும் புண் உண்டாகவில்லை. காலத்தின் அருமை இதனால் விளங்கும்.

கல் உடைப்போருக்கும் பற்றவைப்போருக்கும் காப்புக் கண்ணாடி கிடைக்கப் பஞ்சாயத்துகள் முயல வேண்டும். ஒருநாட் கூலிக்குத் தயங்கி ஒரு கண்ணை இழத்தல் தகுமோ?