அட்டையிலிருந்து வங்கிக்கு: கேப்பிட்டல் ஒன் நிறுவனத்தின் வளர்ச்சியும் வைப்பாளரின் நம்பிக்கையும்



மொழி மன்றத்தின் மேடையில் ஒரு வங்கியின் வரலாறு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். பொருளியலைத் தமிழில் பேசப் பேசத்தான் அத்துறையைத் தாங்கும் வலிமை தமிழுக்குப் பெருகும் என்பது ஒரு விடை. மற்றொரு விடை நம் ஒவ்வொருவரின் சட்டைப்பையிலும் இருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் ஒரு கடன்பற்று அட்டையும் ஒரு சேமிப்புக் கணக்கும் உடையோம். அட்டையைப் பயன்படுத்தும்போது நாம் கடன் வாங்குவோர். கணக்கில் பணம் இடும்போது நாம் வங்கிக்குக் கடன் கொடுப்போர். கடன் கொடுப்பதில் தேர்ந்த ஓர் அமெரிக்க அட்டை நிறுவனம், பிறர் தன்னை நம்பிப் பணம் இடும் வங்கியாக மாறிய வரலாற்றையே இன்று நாம் எடுத்துக்கொள்கிறோம். அந்நிறுவனம் கேப்பிட்டல் ஒன்.

தகவலே மூலதனம்

1980களில் அமெரிக்க வங்கிகள் பலவும் தம் அட்டைகளுக்கு ஏறத்தாழ ஒரே விலையை வைத்திருந்தன. ஆண்டு வட்டி 19.8 விழுக்காடு, ஆண்டுக் கட்டணம் 20 டாலர் என்பது பரவலான வழக்கம். தவணை தவறாதவரும் அடிக்கடி தவறுபவரும் ஒரே வட்டியைச் செலுத்தினர். ஒழுங்காகக் கட்டுபவர் மற்றவர் ஏற்படுத்திய இழப்பையும் சேர்த்துச் சுமந்தார். ஐயத்திற்குரியவர் எனக் கருதப்பட்டவருக்கோ அட்டையே கிட்டவில்லை.

ஆலோசகர்களாகப் பணியாற்றிய ரிச்சர்ட் ஃபேர்பேங்க், நைஜல் மோரிஸ் ஆகிய இருவரும் இவ்வழக்கத்தின் குறையைக் கண்டனர். அட்டைத் தொழில் அடிப்படையில் தகவல் தொழிலே என்பது அவர்கள் கொள்கை. வாடிக்கையாளர் ஒவ்வொருவரின் இடரையும் தனித்தனியே அளந்து, அதற்கேற்ற வட்டியை விதிக்கலாம் என்றனர். பல வங்கிகள் அவர்களைத் திருப்பி அனுப்பின. 1988இல் வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரிலிருந்த சிக்னெட் வங்கி அவர்களுக்கு இடமளித்தது.

அவர்கள் கையாண்ட முறை ஆய்வுக்கூடத்து முறையை ஒத்தது. ஒரு தொகுதி மக்களுக்கு ஒரு வட்டி விகிதத்தைக் குறித்து மடல் அனுப்புவர்; மற்றொரு தொகுதிக்கு வேறொன்றைக் குறிப்பர். யார் ஏற்றார், யார் ஒழுங்காகத் திருப்பிச் செலுத்தினார் என்று பதிவு செய்து, பயன் தந்ததை மட்டும் விரிவாக்குவர். இக்கல்விக்கு விலையும் இருந்தது. சோதனைக் காலத்தில் சிக்னெட்டின் வாராக்கடன் உயரவே செய்தது.

1990களின் தொடக்கத்தில் அவர்களுக்குப் பெருவெற்றி தந்தது நிலுவை மாற்றத் திட்டம். பிற வங்கி அட்டையில் உள்ள கடனைக் குறைந்த தொடக்க வட்டிக்குத் தம் அட்டைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று அவர்கள் அழைத்தனர். இதன் நுட்பம் எளியது. மாதந்தோறும் முழுத் தொகையையும் கட்டிவிடுபவருக்கு வட்டி குறைவதால் பயனில்லை. கட்டும் எண்ணமே இல்லாதவர் வட்டி எவ்வளவு என்று பார்ப்பதில்லை. ஆகவே, கடனைச் சிறிது சிறிதாக, ஆனால் உறுதியாக அடைக்க எண்ணுபவரே இவ்வழைப்பை ஏற்று வருவார். எந்த வங்கியும் விரும்பும் வாடிக்கையாளர் அவரே.

1994 நவம்பரில் அட்டைப் பிரிவின் பங்குகள் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. 1995 பிப்ரவரியில் அது சிக்னெட்டிலிருந்து முற்றாகப் பிரிந்து கேப்பிட்டல் ஒன் என்னும் தனி நிறுவனமாயிற்று. எண்ணின் தொடக்கத்தையும் வணிகத்தின் மூலதனத்தையும் தமிழ் ‘முதல்’ என்னும் ஒரே சொல்லால் குறிக்கிறது. இப்பெயரின் இரு பாதிகளும் அச்சொல்லில் அடங்கிவிடுகின்றன.

ஐந்தொகையின் மறுபக்கம்

நம் வணிகர்கள் ஆண்டுக் கணக்கை முடித்து ஐந்தொகை எடுப்பர். அதில் வரவேண்டிய கடன் ஒருபுறம் நிற்கும். கொடுக்கவேண்டிய கடன் மறுபுறம் நிற்கும். கேப்பிட்டல் ஒன் முதற்புறத்தை எவரினும் நன்கறிந்திருந்தது. மறுபுறத்திலோ அது வலுவற்றிருந்தது. பழைய வங்கிகளுக்கு இருந்தது போன்ற பெரும் வைப்புத்தொகை அதற்கு இல்லை. அட்டைதாரர்கள் தரவேண்டிய நிலுவைகளைத் தொகுத்து, அவற்றின் பேரில் பத்திரங்கள் வெளியிட்டு, முதலீட்டாளர்களிடமிருந்து அது பெரும்பகுதிப் பணத்தைத் திரட்டியது.

சந்தை அமைதியாக இருக்கும்வரை இம்முறை மலிவானது. சந்தை அஞ்சினால் அந்த வாயில் சட்டென அடைபடும். அப்பொழுதும் அட்டைதாரர்கள் செலவழித்துக்கொண்டே இருப்பர். கடைக்காரருக்குச் சேரவேண்டிய பணத்தை நிறுவனம் கொடுத்தே ஆகவேண்டும். 2002 ஜூலையில், இடர் மிகுந்த கடன்களுக்காகக் கூடுதல் மூலதனமும் ஒதுக்கீடும் வைக்குமாறு கண்காணிப்பு அமைப்புகள் பணித்துள்ளன என்று நிறுவனம் அறிவித்தது. மறுநாள் அதன் பங்குவிலை ஏறத்தாழ 40 விழுக்காடு சரிந்தது. அந்நிறுவனம் அப்போதும் ஆதாயம் ஈட்டிக்கொண்டிருந்தது என்பது நாம் கருதத்தக்கது. ஆதாயம் இருந்தும் நம்பிக்கை ஒரே நாளில் குலையலாம்.

அதன்பின் அது எடுத்த வழி வங்கிகளை வாங்குவது. 2005இல் நியூ ஆர்லியன்ஸ் நகரின் ஹைபர்னியா வங்கியை வாங்க உடன்பட்டது. ஒப்பந்தம் நிறைவேறச் சில நாள்களே இருந்தபோது கத்ரீனா சூறாவளி அந்நகரை மூழ்கடித்தது. விலையைக் குறைத்துப் பேசி, நவம்பரில் வாங்குதலை முடித்தனர். 2006இல் நியூயார்க் வட்டாரத்து நார்த் ஃபோர்க் வங்கியும், 2009இல் வாஷிங்டன் வட்டாரத்து செவி சேஸ் வங்கியும் சேர்ந்தன.

எல்லாம் நலமாக அமையவில்லை. நார்த் ஃபோர்க்குடன் வந்த கிரீன்பாயின்ட் என்னும் வீட்டுக்கடன் நிறுவனத்தை, அடைமானச் சந்தை குலைந்த 2007 ஆகஸ்டிலேயே மூட நேர்ந்தது. ஆயினும் 2008ஆம் ஆண்டின் நிதி நெருக்கடி, வைப்புத்தொகையின் அருமையை ஐயத்திற்கிடமின்றிக் காட்டியது. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ், டிஸ்கவர் போன்ற அட்டை நிறுவனங்கள் அவ்வாண்டின் இறுதியில் அவசரமாக வங்கிக் குழுமத் தகுதியை நாடிப் பெற்றன. கேப்பிட்டல் ஒன் மூன்றாண்டுகளுக்கு முன்பே அத்திசையில் நடக்கத் தொடங்கியிருந்தது. அதுவும் அரசாங்கத்திடமிருந்து 3.55 பில்லியன் டாலர் முதலீட்டை ஏற்றது; 2009 ஜூனில் அதனைத் திருப்பிக் கொடுத்தது.

2012இல், கிளைகளின்றி இணையவழியே இயங்கிய ஐஎன்ஜி டைரக்ட் வங்கியின் அமெரிக்கப் பிரிவை அது வாங்கியது. ஏறத்தாழ 80 பில்லியன் டாலர் வைப்புத்தொகை அதனுடன் வந்தது. 2025 மே மாதத்தில் டிஸ்கவர் நிறுவனத்தையும் தன்னுடன் இணைத்துக்கொண்டது. அதனால், அட்டை வழங்குவதோடு, பணம் ஒரு வங்கியிலிருந்து மற்றொரு வங்கிக்குச் செல்லும் கட்டண வலையமைப்பும் அதன் கைக்கு வந்தது. வாகனக் கடன், வணிகக் கடன், சேமிப்பு, அட்டை, வலையமைப்பு ஆகிய அனைத்தும் இன்று ஒரே கூரையின்கீழ் உள்ளன.

அறிவும் பொறுப்பும்

இவ்வெற்றியை மட்டும் சொல்லி நிறுத்தினால் நாம் பாதியே சொன்னவராவோம். வாடிக்கையாளரை நன்கறிவதே இந்நிறுவனத்தின் பலம். அவ்வறிவு யாருக்குப் பயன்பட்டது என்பதையும் கேட்கவேண்டும்.

2012இல் அமெரிக்காவின் பயனீட்டாளர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு தன் முதல் நடவடிக்கையை எடுத்தது இந்நிறுவனத்தின் மீதே. தொலைபேசி நிலைய முகவர்கள் தவறான விளக்கம் தந்து கூடுதல் சேவைகளை விற்றனர் என்று கண்டு, 2 மில்லியன் வாடிக்கையாளர்களுக்கு 140 மில்லியன் டாலர் திருப்பித் தரப் பணித்தது. 2019இல் ஏற்பட்ட ஊடுருவலில், அமெரிக்காவில் ஏறத்தாழ 100 மில்லியன் பேரின் தகவல்களும் கனடாவில் 6 மில்லியன் பேரின் தகவல்களும் கசிந்தன. சேர்த்து வைத்த அறிவு, காக்கவேண்டிய சுமையும் ஆயிற்று.

மூன்றாவது நிகழ்வு நம்மைப் போன்ற சேமிப்பாளர்க்கு மிக நெருக்கமானது. அந்நிறுவனம் ஏறத்தாழ ஒரே பெயருடைய இரு சேமிப்புக் கணக்குகளை நடத்தியது. புதிய கணக்கின் வட்டி 4 விழுக்காட்டைக் கடந்து உயர்ந்தபோதும், பழைய கணக்கில் இருந்தோர் 0.30 விழுக்காட்டிலேயே வைக்கப்பட்டனர் என்றும், புதியதைப் பற்றி அவர்களுக்குச் சொல்லப்படவில்லை என்றும் குற்றஞ்சாட்டி, அதே பாதுகாப்பு அமைப்பு 2025 ஜனவரியில் வழக்குத் தொடுத்தது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. ஆட்சி மாறியபின், பிப்ரவரியில் அவ்வழக்கை அமைப்பு திரும்பப் பெற்றது. வாடிக்கையாளர்கள் தொடுத்த வழக்குகள் தனியே நடந்தன.

வழக்கின் முடிவு எதுவாயினும், கேள்வி பெரிது. வட்டியைக் கவனிப்பவர், கவனியாதவர் என்று மக்களைப் பிரித்தறிந்ததே நிலுவை மாற்றத் திட்டத்தின் வெற்றி. அன்று அப்பிரிவினை, கவனித்துக் கட்டிய கடனாளியின் சுமையைக் குறைத்தது. அதே பிரிவினையைச் சேமிப்பாளரிடம் காட்டினால், வங்கியை நம்பிக் கவலையின்றி இருப்பவரே இழப்பவராகிறார். கடனாளியை வங்கி ஐயுற்று அளக்கலாம். அது அதன் தொழில். வைப்பாளரோ வங்கியை நம்பியவர். அவரது கவனக்குறைவை ஆதாயமாக்கினால், பல பில்லியன் டாலர் கொடுத்து வாங்கிய நம்பிக்கையையே வங்கி செலவழித்துக்கொள்கிறது.

ஆகவே இவ்வரலாறு நமக்குச் சொல்வது இரண்டு. கடன் கொடுப்பதில் தேர்ச்சி மட்டும் ஒரு நிறுவனத்தை வங்கியாக்காது. பிறர் அச்சமின்றித் தம் பணத்தை ஒப்படைக்கும் நிலை வரவேண்டும். அடுத்து, பணத்தை ஒப்படைத்தவராகிய நாமும் கண்ணயர்தல் தகாது. அட்டைக் கணக்கில் எவ்வளவு வட்டி கட்டுகிறோம் என்பதைப் போலவே, சேமிப்பில் எவ்வளவு வட்டி பெறுகிறோம் என்பதையும் ஆண்டுக்கொருமுறையேனும் கேட்டறிவோம். அக்கேள்வியை நம் இல்லங்களில், நம் பிள்ளைகளிடம், தமிழிலேயே எழுப்புவோம்.